நாற்பத்தெட்டாம் பக்கத்தோடு முடிந்த குத்துச்சண்டை

ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் எனக்கு ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம்தான். அதையும் முழுசாகப் படிக்கவில்லை என்பது பல் ஆடிய பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாகூர் கடைத்தெருவில் அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மளிகைக்கடை. டிகிரி முடித்துவிட்டு அங்கே சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தேன். எனக்கோ குத்துச்சண்டை வீரனாக வேண்டும். (எடை ஐம்பத்திரண்டு கிலோ. பிரியாணி சாப்பிட்ட நாளில் ஐம்பத்து மூன்று.) யூட்யூபில் பார்த்துக் கற்றிருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். புத்தகம் என்றால் ஒரே ஆள், ஒரே பேச்சு என்று முடிவுகட்டி, புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிளாட்பாரத்தில் ஒன்றை வாங்கி வந்தேன். அட்டையில் ஒரு மீசைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு என்னையே முறைத்தார்.

அத்தா கண்ணில் படாமல் அதை எங்கே வைப்பது? கல்லாவுக்குக் கீழே, பொட்டலம் மடிக்க வாங்கிப் போட்டிருந்த பழைய பேப்பர் கட்டுக்கு நடுவில் செருகினேன். (பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அத்தாதான். பேப்பரில் மடித்தால்தான் மிளகுக்கு வாசம் நிற்கும் என்பது அவர் கட்சி.) ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்து நாலு பக்கம் படிப்பேன், மறுபடி செருகிவிடுவேன். இதைவிடப் பத்திரமான இடம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே கிடையாது என்று நினைத்த என் மூளையை என்னவென்று சொல்வது!

புத்தகம் மளமளவென்று தீர்ந்துகொண்டே வந்தது. அடேயப்பா, என்ன வேகமாகப் படிக்கிறோம் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் முடிந்தும்விட்டது. கடைசி வரி இப்படி இருந்தது: ‘எதிராளி திருப்பி அடித்தால் நாம் உடனே’. அவ்வளவுதான். பின்னட்டைகூட இல்லை. மீதியை நம் யோசனைக்கே விட்டுவிட்டாரே, பெரிய மனுஷர்தான் என்று புல்லரித்துப்போனேன். படித்து முடித்த புத்தகத்தைக் கட்டின் அடியில் தள்ளிவிட்டேன்.

படித்ததைப் பழக வேண்டாமா? கடைக்குப் பின்னால் குடோனில் மூட்டைகள் இருந்தன. அரிசி மூட்டையைக் குத்தினால் எனக்குத்தான் வலித்தது. மெத்தென்று இருந்தது மிளகாய் மூட்டை ஒன்றுதான். இருபதாம் பக்கத்தில் சொன்னபடி இடது கையால் இரண்டு, வலது கையால் ஒன்று விட்டேன். தெருவே தும்மியது. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்தவனிடமிருந்து அத்தா மொத்த விஷயத்தையும் கறந்துவிட்டார். புத்தகத்தைத் தவிர. அதை மட்டும் சொல்லவில்லை. திட்டப்போகிறார் என்று பார்த்தால், வியாபாரி அல்லவா, பேரம் பேசினார்.

“பொங்கலுக்கு சோரியாங்குப்பத்துல பசங்க குத்துச்சண்டப் போட்டி வெக்கிறாங்களாமே. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டு வா. டவுன்ல நல்ல கோச்சா பாத்து நானே இட்டுக்கினு போறேன். தோத்துட்டா ஆயுசுக்கும் கல்லாவுல உக்காரணும். சரியா?”

சரி என்றேன். முழுப் புத்தகமும் படித்தவனாயிற்றே.

பொங்கலும் வந்தது. எனக்கு எதிரே வந்து நின்றவன் வேலு. எங்கள் கடை வாசலில் கூடை வைத்து மீன் விற்கும் அஞ்சலையக்காவின் மகன். கடலில் வலை இழுக்கிறவன். இருவருக்கும் எடை சமம்தான். ஆனால் அவனுக்கு அது முழுவதும் கையில் இருந்தது. என்னைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தான். முதல் வரிசையில் அத்தா, ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதியதும் இடது காலை முன்னால் வைத்தேன். தோளைத் திருப்பினேன். குத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பட்டது! வேலுவின் கன்னத்திலேயே பட்டது. கூட்டம் கத்தியது. நான் அப்படியே நின்றேன். ஏனென்றால் புத்தகத்தில் இருந்த படங்களிலெல்லாம் அடி வாங்குகிறவர் மரியாதையாக நின்றுகொண்டுதான் இருப்பார்.

வேலுவின் கை கிளம்புவது தெரிந்தது. ‘எதிராளி திருப்பி அடித்தால் நாம் உடனே’ என்ற வரியும் அச்சுப் பிசகாமல் ஞாபகம் வந்தது. மனசு அடுத்த பக்கத்தைப் புரட்டியது. ஒன்றுமே இல்லை. நடுவர் ஏழு வரை எண்ணியது காதில் விழுந்தது. மீதியை அவர் எனக்குத் தெரியாமல் எண்ணிவிட்டார்.

பைக்கில் அத்தாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன். இறங்கும்போது அவர், காலையில் ஏழு மணிக்குக் கடை திறக்கணும் என்றார். அன்றைக்கு என் வாழ்க்கையே முடிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது அஞ்சலையக்கா ஒரு கூறு கிழங்கான் மீனைக் கொண்டுவந்து, நோயாளிக்கு என்று வைத்தார்.

“பாய் வூட்டுப் புள்ளயப் போயி இப்டியா அடிப்பன்னு அவன நல்லா கேட்டேன் தம்பி. எல்லாம் உங்க கடைப் பொட்டலம் பண்ண வேல. மொளகா, மல்லி மடிச்சிக் குடுத்தீங்களே, சண்ட படம் போட்ட காயிதம்? அத்தயெல்லாம் சொவத்துல ஒட்டி வெச்சிக்கினு தெனம் குதிச்சிக்கினு கெடந்தான்.”

நான் குனிந்து பேப்பர் கட்டின் அடியிலிருந்து மீசைக்காரரை உருவி மேஜைமேல் வைத்தேன். புத்தகங்களைப் பின்பக்கத்திலிருந்து கிழிப்பதுதான் அத்தாவின் வழக்கம். முன்னட்டை இருந்தால் தாள்கள் கலையாமல் நிற்குமாம். தராசுப் பக்கம் நின்றிருந்த அவர் புத்தகத்தைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

“நானேவா கிழிச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?”

சாயங்காலம் வேலுவே வந்தான். சுவரிலிருந்து உரித்த தாள்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மல்லி வாசம் அடித்தது. நாற்பத்தொன்பதாம் பக்கத்தின் முதல் வரியைப் படித்தேன்: ‘குனிய வேண்டும்.’

அந்த ஆட்டம் செல்லாது, அடுத்த பொங்கலுக்கு மறுபடி போ, என் பேச்சு பேச்சுதான் என்றார் அத்தா. அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டு எனக்கு மறுபடி அழுகை வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து முழுசாகப் படித்துவிட்டேன். பின்பாதி முழுக்க எதிராளி அடித்துக்கொண்டே இருந்தான். கடையே போதும் அத்தா என்று சொல்லிவிட்டேன்.

இன்றும் கல்லாவில்தான் இருக்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மனைவிக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவள் குரல் உயர்ந்து, நானும் பதிலுக்கு வாயைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா நிதானமாகக் கேட்பார்: “டேய், நாப்பத்தொம்பதாம் பக்கத்துல இன்னாடா போட்டிருந்திச்சி?”

நான் உடனே குனிந்துவிடுகிறேன்.