அப்பாடா என்றால் பித்தம்

உலகத்தில் ரோஜாவைக் கண்டால் களைத்துப்போகிற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமை முழுவதும் குல்கந்து முசேயைத்தான் சேரும்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் மின்சார ஆபீஸில் எனக்கு வேலை. கோவில்பத்தில் அவர் வீட்டுப் பின்கட்டில் குடித்தனம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் ஊருக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. எந்த வியாதிக்கும் பன்னீர் ரோஜா இதழைக் கல்கண்டோடு வெயிலில் ஊறவைத்த குல்கந்தையே கொடுப்பதால் குல்கந்து முசே. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

கரண்ட் போனதற்கெல்லாம் ஊர் வாயில் விழுந்து எழுந்து, சாயங்காலம் வீடு வந்து சைக்கிளைச் சாத்துவேன். வாய் தன்னால் "அப்பாடா" என்னும். முன்கட்டிலிருந்து குரல் வரும்.

"தம்பி, அப்பாடான்னா பித்தம். வாயைத் தொறங்க."

கரண்டியோடு வந்துவிடுவார். மலச்சிக்கலுக்கும் அதுதான், வாய்ப்புண்ணுக்கும் அதுதான். தெருவில் மலச்சிக்கல் என்ற பேச்சே இல்லாமல் போய், எல்லோரும் எதிர்ப்பக்கத்துக் கஷ்டத்தில் இருந்தோம்.

மருந்தைக்கூட முழுங்கிவிடலாம், பாடத்தை முழுங்க முடியாது. "ரோஜாவுல இருக்கிறது முள்ளே இல்ல தம்பி. முள்ளுன்னா கட்டையிலேருந்து வரணும். இது வெறும் தோலு. இப்புடிப் பக்கவாட்டுல தள்ளுங்க, பட்டுனு வந்துரும்." தள்ளினேன். வந்தது, என் விரல் ரத்தமும் வந்தது. "அதுக்கும் பன்னீர்தான்" என்று துடைத்துவிட்டார். ஆப்பிளும் ரோஜாவும் ஒரே குடும்பம் என்பார். பழக்கடையில் ஆப்பிளைப் பார்த்துப் "பங்காளி" என்று கும்பிட்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டுக்கு ஒரே நிபந்தனை. காம்பவுண்டுக்குள் ஒட்டு ரோஜா வரக்கூடாது. "வாசனையில்லாத பூவும் நன்றியில்லாத ஆளும் இங்க வேணாம்." முன்பிருந்த குடித்தனக்காரர் அப்படி ஒன்றை வைத்ததால்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது.

இதெல்லாம் தெரிந்தும் என் மனைவி தள்ளுவண்டியில் ஒரு ஒட்டு ரோஜா வாங்கினாள். "எவ்வளவு பெரிய மொட்டுங்க!" என்றாள். சண்டை போடத் தெம்பில்லை. தொட்டியைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

ஒளித்திருக்கவே வேண்டாம். முசேக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரி என்றால் "பன்னீர் கரைச்சிடும்" என்று காலை மாலை சொட்டு விட்டுக்கொள்வார். தெருவிளக்குக் கம்பத்துக்கு "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு, பதில் இல்லை என்று கோபித்துக்கொண்டார். அதுவரை சிரித்தோம். ஒருநாள் கிணற்றடியில் கால் தடுமாறி, ராட்டினக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெஞ்சினேன், திட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி குல்கந்தோடு திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் படட்டுமே என்று என் மனைவி தொட்டியை முன்பக்கம் அவர் செடி வரிசையின் கோடியில் வைத்துவிட்டாள். முசே மாதா கோவில் பூசைக்குப் போய் வந்து, வழக்கம்போல் செடி செடியாகத் தடவி முகர்ந்துகொண்டே வந்தார். கோடியில் குனிந்தார். மறுபடி குனிந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி! கண்ணு போனாப் போவுதுன்னு இருந்தேன். மூக்கும் போச்சே!"

அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். "வாங்க, ஆஸ்பத்திரிக்கு" என்று அவரே கிளம்பினார். ரிக்‌ஷாவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மூக்கு டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஏலக்காய், கற்பூரம் என்று நீட்டினார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் முசே.

"மூக்கு நல்லாருக்குங்க. நீங்க மோந்தது வேற பூவா இருக்கும்."

முசே என் பக்கம் திரும்பினார். "தம்பி, நம்ம வீட்டுல வேற பூ இருக்கா?"

இல்லை என்று சொன்னால் வீடு தப்பும். ஆனால் இந்த மனிதர் மூக்கு போச்சு என்றே செத்துப்போவார். "இருக்குங்க முசே. ஒட்டு ரோஜா."

முசே டாக்டரிடம் சொன்னார்: "கண்ணு ஆபரேஷனுக்கு எழுதிக் குடுங்க. அந்தக் கழுதையை நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் இவங்களை வெளியேத்தணும்."

கண் வார்டில் கட்டோடு கிடந்தவருக்கு நாங்கள்தான் கஞ்சி கொண்டுபோனோம். போகிற வழியில் வேறு வீடும் தேடினேன். அவ்வளவு அலுப்பாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கட்டுப் பிரித்து, சோடாபாட்டில் கண்ணாடியோடு வந்தவர் நேரே தொட்டிக்குத்தான் போனார். முகர்ந்து முகம் சுளித்தார். இலையைத் திருப்பினார். ஒட்டுக்கட்டுக்கு அடியிலிருந்து கிளம்பியிருந்த ஒரு சின்னத் துளிரைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடியில வேரா இருக்கிறது நம்ம பன்னீர் ரோஜா தம்பி. மேல குடியிருக்கிறதுதான் வேற ஆளு." நிமிர்ந்தார். "இருந்துட்டுப் போவட்டும்."

"பூவைச் சொல்றீங்களா, எங்களைச் சொல்றீங்களா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டையுந்தாம்மா. முதல்ல வாயைத் தொறங்க, ரெண்டு பேரும் வெளுத்துப் போயிருக்கீங்க."

மாற்றலாகிப் போகும்வரை அங்கேதான் இருந்தோம். அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போதும் வெளியே போய்க் களைத்து வந்தால் வாய் தன்னால் "அப்பாடா" என்கிறது. சொல்லிவிட்டு, கொஞ்சம் வாயைத் திறந்தபடியே நிற்கிறேன்.