வேறு வரன் பார்க்கவும்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் ஹரிநாராயணன் அவர்களுக்கு அனந்தசுப்பிரமணியன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் ஒருவன் மட்டும் சௌக்கியம். நாகர்கோவிலில் தாங்களும், மன்னியும், வியாழக்கிழமை அங்கு வந்து சேர்ந்த தங்கள் தங்கை கௌசல்யாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் "சும்மாதான்" என்றிருப்பாள். சும்மா இல்லை.

ரிட்டயரான பிறகு நானாகவே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பழகியது தாங்கள் அறிந்ததே. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிக்க ஒன்று எழுதினேன். தொட்டி வழிந்து முற்றம் நனைந்த பிறகு அது அடித்தது. நடுநடுவே உலக விஷயங்களும் தேடிப் படிப்பேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம் என்று கௌசல்யாவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணாவது இருக்கான்னு அதுல பாருங்கோ" என்றாள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் எழுதினேன். சோதித்துப் பார்க்க வேறு ஜாதகம் இல்லாததால் எங்கள் இருவருடையதையே கொடுத்தேன். பத்தில் மூன்று, வேறு வரன் பார்க்கவும் என்று வந்தது. காபி கொண்டுவந்த கௌசல்யா என் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். "முப்பது வருஷம் கழிச்சா? அப்போ எங்கண்ணா ஜாதகம் பார்த்துப் பத்துக்கு எட்டுன்னு சொன்னது பொய்யாக்கும்?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானோ, "லாஜிக் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

தப்பு எங்கே என்று இன்று கண்டுபிடித்துவிட்டேன். அவள் இங்கே கேரளத்தில், வித்துராவில் பிறந்ததால் ஜாதகத்தில் நட்சத்திரத்தை மலையாள வழக்கப்படி மகயிரம் என்று எழுதியிருக்கிறார்கள். நம் மிருகசீரிடம்தான் அது. என் புரோகிராமோ முதல் இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து அவளை மகம் என்று எடுத்துக்கொண்டது. ஆகவே தங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என்னுடையது. இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பி வைக்க வேண்டும். வீடு நன்றாகவே இல்லை. மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அனந்தசுப்பிரமணியன்

பின்குறிப்பு: இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் திருத்திய புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். அவள் மகயிரம், நான் சித்திரை. ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது, வேதைப் பொருத்தமும் தட்டுகிறது. பத்தில் இரண்டு. நம்பாமல் கையாலும் போட்டுப் பார்த்தேன், இரண்டேதான். ஜோசியம் படித்த தங்களுக்கு இது அன்றைக்கே தெரியாமல் இருந்திருக்காது. பெண் பார்க்க வந்த அன்று கௌசல்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாங்கள் அதையும் பார்த்திருக்க வேண்டும். தங்களுக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவன். புரோகிராமை அழித்துவிட்டேன். அவளை அனுப்ப வேண்டாம், வரும் வியாழக்கிழமை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். அதற்குள் யார் கேட்டாலும் எட்டு என்றே சொல்லவும்.