நூற்றுக்கு நாற்பத்து நாலு

ஸ்டிக்கர் உரித்த தாளை யாராவது கசக்கிக் குப்பைக்கூடையை நோக்கி வீசினால், அது உள்ளே விழுகிறதா என்று பார்ப்பதற்காகவே கைவேலையை நிறுத்துகிற ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். விழாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். பல வருஷமாக இதைக் கவனித்து வரும் பக்கத்து மேஜைக்காரர்கள், பாவம், மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைக்கிறார்கள். அவரோ மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். சதவீதக்காரர் என்னும் இனத்தை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும்.

நம்முடைய சதவீதக்காரருக்கு மருந்துக் கிடங்கில் வேலை. அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்து, தேறாததை ஒதுக்கி வைக்க வேண்டும். மருந்தோடு நிறுத்திக்கொண்டாரா என்றால், அதுதான் கிடையாது. ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்றுவிட்ட கூடைப்பந்து நட்சத்திரம் ஒருவர், ரசிகர்கள் செல்லமாக நெட்டையன் என்று அழைத்த மகா ஆட்டக்காரர், அவரையும் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். சதவீதக்காரர் பந்தைக் கையால் தொட்டதுண்டா? அதெல்லாம் எதற்கு?

எதிரில் மச்சினன் உட்கார்ந்திருப்பான். அதே கிடங்கில் வண்டி ஓட்டுபவன். நெட்டையன் படத்தை ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருப்பவன்.

"பெரிய ஆளுதான் மாப்ளே, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நூறு எறிஞ்சா நாப்பத்தி நாலுதான் விழுந்திருக்கு. மீதி அம்பத்தாறு எங்கே போச்சு?"

"வெளியே போச்சு."

"அதைத்தான் கேக்கறேன்."

"கடைசி நிமிஷத்துல மத்த நாலு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு நிப்பானுங்க மாமா. பந்தை யார்கிட்ட தள்ளுவாங்க? கஷ்டமானதெல்லாம் அவன் தலையில. அப்புறம் எங்கேருந்து சதவீதம் ஏறும்?"

"உணர்ச்சிவசப்படாம பேசுவோம்" என்பார் சதவீதக்காரர், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி. "நான் சொல்லலை. எண்ணு சொல்லுது."

இந்த இனத்துக்குப் பாசம் கிடையாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாசம் வந்தாலும் கணக்காகத்தான் வரும். மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தபோது ஓர் ஆட்டம் விடாமல் போய் உட்கார்ந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, ஏதோ பரிசு கொடுப்பவர் போல, "உனக்கு முப்பத்தொன்னு வருதும்மா" என்றார்.

"நல்லதாப்பா?"

"நெட்டையனை விடக் கீழே."

ஊக்கப்படுத்தியதாகவே அவர் நினைத்தார். வேறென்ன நினைப்பார்? அதற்கேற்ப முப்பத்தொன்று நாற்பதாகி, ஐம்பதாகி, அறுபதைத் தொட்டது. கிடங்கில் மூலை மூலையாகப் போய்ச் சொன்னார், நெட்டையனை என் மகள் தாண்டிவிட்டாள் என்று. அவள் வளையத்துக்கு நேர் கீழே நின்றால் மட்டும் எறிகிறாள், ஓரடி தள்ளியிருந்தாலும் பந்தை அடுத்தவளிடம் கொடுத்துவிடுகிறாள் என்பது அந்த எண்ணில் எங்கே தெரியப்போகிறது?

இறுதி ஆட்டத்துக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, ஆட்டம் முடியும் தறுவாயில், பந்து மகள் கைக்கு வந்தது. பக்கத்தில் தடுக்க ஒருத்தியும் இல்லை. தூரமும் அப்படியொன்றும் அதிகமில்லை. அவள் தலையை உயர்த்தினாள். வளையத்தைப் பார்க்கவில்லை, பார்வையாளர் வரிசையில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, எதிரணிக்காரிகள் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த தோழிக்குப் பந்தைத் தட்டிவிட்டாள். பந்து பறிபோனது. விசில் ஊதிவிட்டார்கள்.

"ஆளே இல்லாம நின்னியேம்மா, ஏன் எறியலை?" என்றார் பயிற்சியாளர்.

"விழலைன்னா குறைஞ்சிடும் மிஸ்."

"என்ன குறைஞ்சிடும்?"

அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். கீழே இறங்கி வந்து நின்றிருந்த சதவீதக்காரருக்கு அவள் சொன்னது கேட்டது. மச்சினனுக்கும் கேட்டது. எத்தனையோ மதியங்களாகக் காத்திருந்த சந்தர்ப்பம். ஆனாலும் அவன் வாயைத் திறக்காமல் வண்டிச் சாவியை மட்டும் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை அவர் தொண்டை வரை வந்து வந்து திரும்பியது. கடைசியில் தெருமுனையில் சொன்னார்: "பாஸ் குடுத்தா சதவீதம் குறையாதும்மா. இன்னிக்கும் அறுபதுதான்."

அவள் தலையாட்டினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தொண்ணூற்றிரண்டு மார்க்கோடு வீட்டுக்கு ஓடிவந்த பிள்ளையிடம், செருப்பைக் கழற்றும் முன்பே, மீதி எட்டு எங்கே என்று கேட்டது யார் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

அவர் இப்போதும் எல்லா ஆட்டத்துக்கும் போகிறார், அதே வரிசையில் உட்காருகிறார். பந்து கைக்கு வந்ததும் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். 'விழாட்டிப் போகுது, நீ எறி' என்று அங்கிருந்தே அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இன்னும் பாக்கி நிற்கிறது.