துரை எழும்பி நடந்தபோது

வியாபாரிக்கு வாயைத் திறக்கத் தெரிந்தால் போதாது, மூடவும் தெரிய வேண்டும். எனக்கு முதலாவது மட்டும் நன்றாக வரும்.

அப்போது கண்டியில் கம்பளிக் கடை வைத்திருந்தேன். மடுல்கெல்லப் பக்கம் தோட்டங்கள் வைத்திருந்த பெரிய கோப்பிக் கம்பெனி ஒன்று, தன் ஆட்களுக்கு என்னிடம் கம்பளி கேட்டது. சந்தோஷத்தில் அன்று மதியம் இரண்டு முறை சாப்பிட்டேன். சிக்கல் என்னவென்றால், கோப்பி கப்பலேறி, சீமையில் விற்ற பிறகுதான் கம்பெனி காசு கொடுக்கும். ஆறு மாதம் ஆகும். எனக்குக் கடனுக்குச் சரக்குத் தந்த செட்டியாரோ ஒரு மாதம்தான் பொறுப்பார். அதற்குமேல் கடை அவருடையது.

"ஒரு மாசத்துல சல்லி வரணும். அதுக்கு மேல ஒத்துக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

கம்பெனியில் வெள்ளைக்காரத் துரை கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். (இன்னொரு கதிரை இருந்தது, அதில் அவருடைய நாய் இருந்தது.) யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் என் தமிழை இங்கிலீசாக்கினார். கடை வழக்கப்படி உச்சியில் தொடங்கி, காசு உடனே வேண்டும் என்றேன். துரை ஆறு மாதம் என்றார். நான் ஒரு மாதத்துக்கு இறங்கி, செட்டியார், கடை, பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னேன். துரை யோசித்தார். கிளாக்கரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எழும்பி நடந்தார்.

எங்கள் கடைத்தெருவில் பேரத்தின் நடுவே ஆள் எழும்பி நடந்தால் அர்த்தம் ஒன்றுதான். அவர் படி தாண்டுமுன் கூப்பிட்டு இறங்கி வர வேண்டும்.

"ரெண்டு மாசம்" என்றேன். துரை நிற்கவில்லை.

"சரி, நாலு."

அவர் மூலைக்கே போய்விட்டார்.

"ஆறு. வேணாம், எட்டு மாசம். உங்களுக்காக." (கம்பெனி கேட்டதே ஆறுதான் என்பது அப்போது நினைவில் இல்லை.)

துரை யன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். வெளியே மழை, மேசைக் காகிதங்கள் நனைந்திருந்தன. கிளாக்கர் எட்டு மாதத்தை மொழிபெயர்த்தார். துரை என்னையே பார்த்தார். பிறகு, என் மனம் மாறுமுன் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கிளாக்கர், "ஒரு மாதமெண்டு எழுதச் சொல்லிப்போட்டுத்தான் துரை எழும்பினவர்" என்றார்.

"அத ஏன் சொல்லல்ல?"

"நீங்கள் சொல்ல விட்டால்தானே."

மறுநாள் செட்டியாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிரித்து முடித்து, வெற்றிலை துப்ப எழும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். திரும்பி வந்தவர், "உங்க கடைய எடுத்து நான் கம்பளியா விக்கிறது? வட்டியோட பொறுக்கிறேன்" என்றார். லாபம் முழுக்க வட்டிக்குப் போனது, கடை தப்பியது.

இப்போது கோப்பிச் செடிகள் இலைநோயில் போய், அந்தக் கம்பெனியும் போய்விட்டது. ஆனால் கதை போகவில்லை. போன மாதம் மகளின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளையின் வாப்பா அம்பிட்டியவிலிருந்து வந்திருந்தார். சாப்பாட்டோடு நடந்த சீதனப் பேச்சின் நடுவே அவர் எழும்பினார். என் வாய் தானாகத் திறந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "சும்மா இரிங்க. அவர் கை கழுவத்தான் போறார்."