பிள்ளை மாடு மேய்க்கிற விஷயம்

தோர்ண்டன் ஹீத்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தில்லையம்பலம் அண்ணை அவர்களுக்கு,

இல்ஃபோர்ட்டில் தாங்களும் அக்காவும் தீபன் தம்பியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். கொலராடோவில் ஆராய்ச்சி செய்யும் எங்கள் மகள் பிரீத்தாவை ஒரேயடியாக லண்டனுக்குக் கூட்டி வந்து, தையில் தங்கள் தீபனுக்குக் கட்டி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நானும் மனைவி கமலேஸ்வரியும் விமானம் ஏறினோம். தீபன் லண்டனை விட்டு அசையமாட்டார் என்பது தாங்கள் சொன்ன ஒரே நிபந்தனை. போன காரியம் என்ன ஆனது என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, ஆகவே கடிதம்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அங்கே மாடு மேய்க்கிறாள். படிக்காவிட்டால் மாடுதான் மேய்க்க வேணும் என்று பதினைந்து வருஷம் வெருட்டி வளர்த்தேன். கலாநிதிப் பட்டமும் எடுத்துவிட்டு மேய்க்கிறாள். கண் எட்டுமட்டும் கணுக்காலளவு புல், நிழலுக்கு ஒரு மரமில்லை. மாடுகள் பட்டினி கிடக்குதே, ரெண்டு மூடை யூரியா எறியக் கூடாதா என்று பண்ணைக்கார அம்மா மார்த்தாவிடம் கேட்டேன். எழுபது வயது மனுசி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிரீத்தா என்னைக் கூட்டிப்போய் மண்ணில் வெட்டிய ஒரு கிடங்கைக் காட்டினாள். அண்ணை, மேலே நாலு விரல் புல், கீழே என் இடுப்பளவுக்கு வேர். பாதிப் புல்லை மேய்ந்ததும் மாட்டை அடுத்த வேலிக்குள் மாற்றிவிடுவார்களாம், மிச்சப் பாதி புல்லுக்கே. ஒட்ட மேய்ந்த தரையில்தான் ஒரு பறவை முட்டையிடுமாம், அதற்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். இறைச்சிக்கு வளர்க்கிற மாடு என்பதைச் சைவக்காரரான தங்களிடம் மறைக்கமாட்டேன், ஆனால் இவ்வளவு மரியாதையாக மாடு வளர்த்து நான் ஊரிலும் கண்டதில்லை.

இனிக் குழப்படிக்கு வாறன். அங்கை காய்ஞ்ச சாணி சும்மா கிடக்குது அண்ணை. பைக்கற்றிலை வாற திருநீறு வெறும் சுண்ணாம்பு எண்டு கமலேஸ்வரிக்குப் பன்னிரண்டு வருஷக் கவலை. கலியாணத்துக்கு நாங்களே நல்ல திருநீறு சுட்டுக்கொண்டு போவம் எண்டு, பிள்ளை குளிக்கப் போன நேரம் ரெண்டு சாக்கோடை இறங்கினம். சில சாணிக்குப் பக்கத்திலை சின்னச் சிவப்புக் கொடி குத்தியிருந்தது, நல்ல சாணிக்கு அடையாளம் வைச்சிருக்கினம் எண்டு நினைச்சு அதுகளாப் பாத்து நாற்பது பொறுக்கினம், குவிச்சம், காத்தெண்டா அப்பிடிக் காத்து, கமலேஸ்வரி நெருப்புக்குச்சியை உரசப் போறா, தலையிலை துவாயோடை பிள்ளை ஓடி வாறாள். ஒரு பொறி விழுந்திருந்தா மார்த்தாவின்ரை வீடும் முன்னூறு மாடும் சாம்பல். கொடி குத்தினது, சாணியை மண்ணுக்குள்ளை கொண்டுபோற வண்டுகளைப் பிள்ளை எண்ணுற இடமாம்.

அவள் கத்தேல்லை. குவியலுக்குப் பக்கத்திலை குந்தி, "அப்பா, நீங்கள் பொறுக்கினது சாணியில்லை, என்ரை நாலு மாச வேலை" எண்டாள். எனக்கு அழுகை வந்திட்டுது. பின்னேரம் அவளின்ரை கொப்பியை எட்டிப் பாத்தன். நாற்பது இலக்கத்துக்கு நேரேயும், சேதத்துக்குக் காரணம் எண்ட இடத்திலை, 'அப்பா' எண்டு எழுதியிருந்தாள். அடுத்த நாள் விடிய எழும்பிப் புதுசாக் கொடி குத்தப் போனாள். அவளை அங்கையிருந்து இழுத்துக்கொண்டு வர எனக்கு மனம் வரேல்லை அண்ணை. என்ரை பிள்ளை எண்டு பெருமையாத்தான் இருந்தது.

ஆகவே, பிரீத்தா லண்டனுக்குத் திரும்பமாட்டாள் என்பதையும், தைக் கலியாணத்தைத் தாங்கள் மறந்துவிட வேண்டும் என்பதையும் தாழ்மையுடன் அறியத் தருகிறேன். தீபன் தம்பி தங்கமான பிள்ளை. தூசியும் சாணியும் அவருக்கு ஒத்துவராது. அவருக்கு இங்கேயே நல்ல இடம் அமையட்டும். கலியாண மண்டபத்துக்காரரிடம் நானே பேசுகிறேன்.

தங்கள் வீட்டில் சகல மங்களமும் நிலைக்க வேண்டும்.

இங்ஙனம்,
சம்பந்தியாகக் கொடுத்துவைக்காத
சதாசிவம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும் நேரம் பிரீத்தா வீடியோ கோல் எடுத்தாள். பின்னால் ஒருத்தர் புழுதி முகத்தோடு வேலிக் கம்பி இழுத்துக்கொண்டு நின்றார். பார்த்தால் தீபன் தம்பி! மான்செஸ்டரில் ட்ரெயினிங் என்று தங்களிடம் சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறாராம். "மாமா, நான் இங்கையே நிக்கப்போறன். அப்பாவிட்டை சொல்லப் பயமாக் கிடக்கு, நீங்கள் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். தையில் இரண்டு பேருக்கும் மார்த்தா லீவு தருகிறாவாம். மண்டபத்தை விடவேண்டாம், சம்பந்தி.