கேடயத்தைக் கைவிடக் கோரி

மேன்மை தங்கிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தையும், கடைத்தெருவில் பூட்டு சாவி பழுது பார்க்கும் தொழிலாளியும், தங்களோடு உடன்பிறந்த ஒரே தம்பியுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் மனைவி நலம். தங்கள் மாணவி நலமில்லை. அங்கு தாங்களும், தங்கள் கணவரும், ஆசிரியர்களும், வாசலில் நிற்கும் காவலாளியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இந்தக் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போன மாதம் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பேச்செடுத்தபோது, பள்ளி விஷயத்தைப் பள்ளியில் வந்து பேசு என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டீர்கள். பள்ளிக்கு வந்தால், பெற்றோரைச் சந்திக்கும் நாள் இது இல்லை என்று காவலாளி சொல்கிறார். என் மனைவியிடம் சொன்னால், உங்க அக்காகிட்ட நீங்கதான் பேசணும், நான் பேசினா அது வேற கதையாயிடும் என்கிறாள். ஆகவே அலுவலக வாசலில் தொங்கும் குறைகள் பெட்டியில் போடுவதற்காக எழுதுகிறேன். அந்தப் பெட்டிக்குப் பூட்டு மாட்டியவன் நானே என்பதால், தங்களைத் தவிர வேறு யாரும் திறந்து படிக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

விஷயம் கேடயம். ஆண்டின் தொடக்கத்தில், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, தாங்கள் அறிவித்தீர்கள். எந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஒரு நாளும் வராமல் இருக்கவில்லையோ அந்த வகுப்புக்குக் கேடயம் என்றும், நடைவழியில் மாட்ட ஒரு பெரிய புகைப்படம் என்றும், ஒரே ஒரு பிள்ளை வராவிட்டாலும் மொத்த வகுப்புக்கும் இல்லை என்றும் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மற்ற வகுப்புகள் எல்லாம் மழைக்காலத்திலேயே தோற்றுவிட்டன. தோற்ற வகுப்புப் பிள்ளைகள் இப்போது நிம்மதியாகச் சளி பிடித்து, நிம்மதியாகப் படுத்து, நிம்மதியாகக் குணமாகி வருகிறார்கள். ஐந்தாம் வகுப்பு மட்டும் இன்னும் தோற்கவில்லை. அதுதான் எங்கள் கஷ்டம்.

எறும்புக்கு (தொட்டிலில் கிடந்தபோதே ஓரிடத்தில் அடங்காதவள் என்று தாங்கள் வைத்த பெயர், இன்றுவரை வீட்டில் அதுதான் பெயர்) மூன்று வாரத்துக்கு முன் இருமல் தொடங்கியது. தொடங்கியது எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் இருமுவதற்கு முன் குளியலறைக் குழாயைத் திறந்துவிடப் பழகியிருந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் பார்க்க வெப்பமானியை எடுத்தால், அதற்கு முன்பே குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்து, துப்பிவிட்டு வந்து உட்காருவாள். இந்த வித்தை எல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டபோது, வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். மணி அடிக்கும்போது இருமிக்கொள்ள வேண்டுமாம், அப்போது யார் காதிலும் விழாதாம். கணக்கு வராத பிள்ளைக்குக்கூட இது வந்துவிட்டது. தங்கள் பள்ளியில் பாடம் நன்றாக நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

இதன் பலனாக ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே இருமல். பிள்ளைகள் அத்தனை பேரும் வருகிறார்கள், வகுப்பாசிரியைதான் வருவதில்லை. ஆசிரியர்களுக்குக் கேடயம் கிடையாது என்பதால் அந்த அம்மாள் புத்திசாலித்தனமாக வீட்டில் படுத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக விளையாட்டு ஆசிரியர் வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல், வாசற்படியில் நின்றே பெயர் கூப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று கேள்வி. அவரையும் நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

நேற்று இரவு உடம்பு கொதித்தது. காலையில் கண்டிப்பாக அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். அவள் உடனே தலையாட்டினாள். அப்படி அவள் தலையாட்டினால் உஷாராக வேண்டும் என்று பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா? வாசல் கதவை உள்ளிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையோடு குளியலறைக்குள் போனேன். நானே கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டிய பூட்டு. வெளியே வந்து பார்த்தால் பெண்ணும் இல்லை, புத்தகப் பையும் இல்லை. கதவு மட்டும் பூட்டியபடியே இருந்தது. ஒரு ஹேர்பின்னை வளைத்துத் திறந்து, வெளியே போய், அதே ஹேர்பின்னால் மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். திறந்த வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பூட்டும்போது பின்னின் முனை உள்ளே முறிந்து நின்றுவிட்டதால், கையில் சாவி இருந்தும் என்னால் நுழைக்க முடியவில்லை. என் கருவிகள் எல்லாம் கடையில். மனைவி அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். கடைசியில் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு எதிர்க்கடை போட்டிருக்கும் பூட்டுக்காரரை அழைத்துவரச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வந்து, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து, நிதானமாகப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார். என் மகள் என்றேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

கதவு திறந்து நான் தெருவில் இறங்கியபோது எதிரே காவலாளி வந்துகொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் எறும்பு அவர் முதுகில் சாய்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். முடிந்த பிறகுதான் சரிந்தாளாம்.

அக்கா, இதற்கு மேல் தாங்கள் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. மன்னித்துக்கொள்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சளி நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார். இன்னும் இரண்டு நாள் இப்படியே அனுப்பியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் பயந்துவிட்டேன். மருந்து எழுதி, ஒரு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொன்னபோதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அதுவரை ஊசிக்குக்கூட அழவில்லை. ஏன் அழுதாள் என்பதை வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"நாளைக்கு நான் போகலைன்னா, என்னாலதான் போச்சுன்னு எல்லாரும் சொல்வாங்கப்பா."

"சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

"உங்களுக்கென்ன. நீங்க கடையில தனியாத்தானே உக்காந்திருக்கீங்க."



சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். அவர் மகனும் அதே வகுப்பு. எறும்பின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, காலையில் கொஞ்ச நேரம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், பெயர் கூப்பிட்டதும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் மகனும் இருமிக்கொண்டேதான் போகிறான். அவனைப் படுக்க விடாமல் இத்தனை நாள் அனுப்பியதெல்லாம் வீணாகிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. நல்ல மனுஷியை இப்படிப் பேச வைத்தது எது என்று நீயே யோசித்துப் பார்.

சோம்பேறித்தனமாக வீட்டில் இருக்கும் பிள்ளையை இழுத்து வரத்தான் நீ இதைச் செய்தாய். எனக்குத் தெரியும், உன் மனதில் வஞ்சகம் கிடையாது. ஆனால் சோம்பலால் வராததும் ஒன்றுதான், நோயால் வராததும் ஒன்றுதான் என்று எண்ணும் கேடயம் இது. உடம்புக்கு வருவது ஒரு பிள்ளை செய்யும் தப்பா? பிறந்ததிலிருந்தே மூச்சு இழுக்கும் பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்தால், ஆண்டு முழுவதும் மற்ற பிள்ளைகள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று விசாரிக்கத்தான் பெயர் கூப்பிடுகிறோம். பிள்ளைதான் வந்துவிட்டதே, இனி விசாரிக்க வேண்டியதில்லை என்று நிம்மதிப்படுவதற்கு இல்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, நாளைக் காலை, பெயர் கூப்பிடுவதற்கு முன்பே, கேடயம் கிடையாது என்று எல்லோர் முன்னும் சொல்லிவிடு. சொன்ன சொல்லை மாற்றுவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூடப் பிறந்தவனுக்குத் தெரியும். ஆனாலும் சொல். எறும்பால் போயிற்று என்று எந்தப் பிள்ளையும் விரல் நீட்டக் கூடாது. இரண்டு, உன் தம்பி மகள் என்று அவளுக்கு எந்தச் சலுகையும் காட்டாதே. வந்ததாக எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அத்தான் சொல்வார், கேட்காதே. வரவில்லை என்றால் வரவில்லை என்றே போடு. ஒரு நாள் போய்விட்டது என்று தெரிந்துவிட்டால், அவளும் மற்ற பிள்ளைகளைப் போல நிம்மதியாக நோயாளியாக இருந்துவிட்டுப் போவாள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எழுத்தில் மரியாதை எங்கேயாவது குறைந்திருந்தால் தலைமை ஆசிரியை பொறுத்துக்கொள்ள வேண்டும், கூடியிருந்தால் அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் பீரோச் சாவி அடுத்த வாரம் தயாராகிவிடும். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஐந்தாம் வகுப்பு மாணவியின் தந்தை

பின்குறிப்பு: இதைப் பெட்டியில் போடவில்லை. எறும்பு எப்படி இருக்கிறாள் என்று பார்க்கக் காவலாளி வந்தார், அவர் கையிலேயே உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மருந்து கொடுக்கப் போனேன். எறும்பு, எறும்பு என்று எழுப்பினேன், எழவில்லை. பயந்துபோய் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமல், "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். படுக்க வைத்தேன். உடனே கண்ணை விழித்து, விடிந்துவிட்டதா என்று கேட்டாள். அதிலிருந்து அரைத் தூக்கமும் கிடையாது, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா, மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வா. அத்தையாக வர வேண்டாம், அத்தை சொன்னால் நம்ப மாட்டாள். தலைமை ஆசிரியையாகவே படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, அவள் பெயரை ஒரு தடவை கூப்பிடு. பதில் சொல்லிவிட்டாள் என்றால் தூங்கிவிடுவாள்.