கோமளாவுக்கு முதல் டிரையல்

கோமளாவின் முகத்துக்குத் தோல் வெட்டியவன் மதியழகன்தான். ஆனால் அந்த முகத்தை முழுசாகப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இன்னும் வரவில்லை.

கோமளா ஒரு பேய். 'கோட்டைக்குள் கோமளா' சீரியலில் தினமும் ஏழரை மணிக்கு வருவாள். நேரமே ஏழரை என்றால் வருகிறவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரமும் மதியழகனுக்கு ஒரு தலையணை வேண்டும். முதுகுக்கு அல்ல, முகத்துக்கு. கேட்டால் கண் எரிச்சல் என்பான்.

விதி யாரை விட்டது? மாதனூர்ப் பக்கம் ஹைவே ஓரத்தில் புதிதாக ஒரு தீம் பார்க் வந்தது. அந்தச் சீரியலையே அங்கே ரைடாகக் கட்டினார்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டி ஒன்று தண்டவாளத்தில் இருட்டுக் கோட்டைக்குள் போகும். கிணற்றிலிருந்து கோமளா எழுவாள், ஊஞ்சலில் ஆடுவாள், கடைசி வளைவில் கூரையிலிருந்து நேராக முன் சீட்டுக்காரர் மடியில் விழுவாள். வண்டி சீட்டுக்கும் தோல் வேண்டும், மூன்று கோமளா பொம்மைக்கும் தோல் வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்த மதியழகனைக் கூப்பிட்டார்கள். சீட் வேலை என்று நினைத்துத்தான் அவன் பழைய வேலையை விட்டுவிட்டு வந்தான். பேய் வேலையும் உண்டு என்பது மறுநாள் தெரிந்தது.

கட்டிங் வேலையில் ஒரு வசதி உண்டு. வெட்டுகிறவன் துண்டு துண்டாகத்தான் வெட்டுவான், முழு ஷூவைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் நெற்றியைத் திங்கட்கிழமை வெட்டினான், கன்னத்தைச் செவ்வாய்க்கிழமை. மெல்லிய ஆட்டுத் தோல், தொட்டால் அசல் கன்னம். அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தாடை புதன்கிழமை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தது வேறு ஆள். தைத்து நிறுத்திய நாளிலிருந்து மதியழகன் அந்த ஷெட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தான்.

இப்படியே காலம் தள்ளியிருப்பான், மேனேஜர் ரஷீத் அஹமது மட்டும் ஷூ கம்பெனியிலிருந்து வந்தவராக இல்லாமல் இருந்திருந்தால். ஷூ கம்பெனிகளில் ஒரு வழக்கம்: ஒரு லாட், அதாவது ஒரே மாடல் ஷூ மொத்தமாக, ஓட ஆரம்பிக்கும் முன் முதல் ஜோடியை வெட்டினவனே போட்டு நடந்து காட்ட வேண்டும். அதை அவர் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்.

"வர்ற வியாழக்கிழம காலைல பத்து மணி. முன் சீட்ல நீங்க, மாஸ்டர்," என்றார். "ஒரு சுத்து போய்ட்டு வந்து டிரையல் கார்டுல கையெழுத்து போடுங்க. அன்னிக்கே பர்மனென்ட். டிரையல் பாக்காம ஜனங்கள ஏத்தினா பின்னாடி பேஜார்."

முடியாது என்றால் வேறு மாஸ்டர்தான் என்பதையும், வாணியம்பாடியில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பழைய கம்பெனியில் மதியழகனின் மேஜைக்கு ஏற்கெனவே ஆள் வந்தாகிவிட்டது. முன்னால் போனால் கோமளா, பின்னால் போனால் வேலை இல்லை.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அவன் மனைவி செண்பகம் இன்னொரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள். தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டுவாள், தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் ஒட்டிய அம்பை முதலாளியே வந்தாலும் எடுக்க முடியாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக அவளிடம் மதியழகன் தன்னை ஒரு தைரியசாலி என்று சொல்லி வந்திருக்கிறான். அவளும் மறுத்துப் பேசியதில்லை, அதுதான் அவனுக்குப் பயம்.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தான். அவள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து குளிக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை கால் பிசகிவிட்டது என்று நொண்டினான். சாயந்திரம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவள், காலையில் வலது கால்தானே என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"செண்பகம், நான் செஞ்சத நானே டிரையல் பாக்கறது நியாயமா?"

"இன்னா சொல்ல வர்றீங்க?"

"என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாது. இது செக்கிங் வேலை. ஆம்பூர்ல உன்ன வுட்டா செக்கிங்குக்கு ஆளு ஏது?"

"அப்ப நான் போவணுமா?"

"நீ பயப்பட மாட்டியே?"

"மாட்டேன். உங்களுக்குப் பயமா?"

"எனக்கு இன்னா பயம்? உன் கண்ணு நல்ல கண்ணு, அதுக்குச் சொல்றேன்."

அவள் ஒரு கொத்து கீரையை உருவி முறத்தில் போட்டாள். "சரி. ஆனா செக்கிங்னா செக்கிங்தான். கார்டுல நான் எழுதினா எழுதினதுதான். அப்புறம் பொண்டாட்டிதானேன்னு வந்து நிக்கக் கூடாது."

சத்தியம் என்றான். சாப்பாட்டில் அவனுக்கு ருசி திரும்பியது.

வியாழக்கிழமை அவள் பர்மிஷன் போட்டுவிட்டு, ஸ்டிக்கர் சுருளும் கையுமாக வந்தாள். அவள் செக்கிங்கைப் பற்றி ரஷீத் அஹமது கேள்விப்பட்டிருந்தார். மாஸ்டருக்குப் பதில் அந்தம்மா என்றதும் சந்தோஷமாகச் சரி என்றார். வண்டி உள்ளே போனது. கோட்டைக் கதவு மூடிக்கொண்டது.

ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். மதியழகன் வெளியே நின்று எண்ணினான். உள்ளே கோமளா சிரித்தாள். எதுவோ தடாலென்று விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. நாலு நிமிஷம் ஆறாகியது, ஆறு ஒன்பதாகியது. பதினாலு வருஷம் தனக்குச் சோறு போட்டவளைப் பேய்க்கு முன்னால் உட்கார வைத்துவிட்டோமே என்று நினைத்தான். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான். கோமளா மறுபடி சிரித்தாள். கால் தானாக வெளியே வந்துவிட்டது. அவன் படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான்.

பதினோராவது நிமிஷம் வண்டி வந்தது. முன் சீட்டில் செண்பகம், கலையாத தலையோடு, கார்டில் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஆபரேட்டரை ஒவ்வொரு கோமளாவிடமும் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். மேலே விழுந்தவளைத் தாடையைப் பிடித்துத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் தையல் பார்த்திருக்கிறாள். மொத்தம் பதினேழு அம்பு. கிணற்றுக் கோமளாவுக்கு இடது கன்னம் தொங்குகிறது. ஊஞ்சல் கோமளாவுக்குத் தாடைத் தையல் கோணல். கடைசிக் கோமளா மடியில் விழாமல் முட்டியில் விழுகிறாள்.

ரஷீத் அஹமது கார்டை இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு செக்கிங்கைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ரீவொர்க், அதாவது திருத்த வேலை, யார் பொறுப்பு என்று கேட்டார்.

"வெட்டு கோணினாத்தான் தையல் கோணும். வெட்டினவர்தான் சார்," என்றாள் செண்பகம்.

மதியழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே லைட் எல்லாம் போட்டால் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னான்.

"லைட் போட்டா ஒண்ணும் தெரியாது சார். வண்டி ஓடும்போதுதான் கன்னம் தொங்குது. முன் சீட்ல ஒக்காந்து பாத்தாதான் தெரியும். அதையும் எழுதிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பக்கத்து சீட்ல நானும் ஒக்காந்து கையப் புடிச்சிகினு இருந்திருப்பேன். நீங்க என்னத் தனியா அனுப்புனீங்க."

மதியழகன் பேனாவை வாங்கி ரீவொர்க் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். பர்மனென்ட் ஆர்டரும் கைக்கு வந்தது.

"ஒரு சுத்துதானே சார்?" என்று மேனேஜரிடம் மெல்லக் கேட்டான்.

"இன்னா மாஸ்டர், தெரியாத மாதிரி கேக்கறீங்க? ரீவொர்க்னா லாட் ஓடற வரைக்கும் தினம் காலைல முதல் சுத்து நீங்கதான் போய்ப் பாக்கணும்."

"இந்த லாட்டு எப்ப சார் முடியும்?"

அவர் யோசிப்பதற்குள் செண்பகம் பதில் சொன்னாள்.

"சீரியல் முடியும்போது."

எட்டு மாதமாக மாப்பிள்ளை தேடி, முந்தின நாள் எபிசோடில்தான் கோமளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.